துரைசாணிக் கொடியை ஜெபத்தில் வெட்டிய வரலாறு

குழித்துறைக்கு மேற்கே, ஆற்றங்கரை வீடு,
கொல்லம் ஆண்டு 1107, ஆனி மாதம், மழை விடாத ஒரு வியாழன்.

கடல் தாண்டி இலங்கைக்குப் போய், மலை ஏறி, தேயிலைக்குள்ளே மறைந்து, எழுதும் கையும் மறந்துபோன என் மருமகன் ஜான்ரோஸ் கணக்கப்பிள்ளைக்கு, உன் அம்மையின் மூத்த உடன்பிறப்பும் தேங்காய்ப்பட்டணத்துக் கயிற்று வியாபாரியுமாகிய தாய்மாமன் ராஜையன், எண்ணிறந்த ஸ்தோத்திரங்களோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மையும் சினைப்பசுவும் ஆண்டவர் கிருபையால் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் அவ்விதமே மூச்சுவிடுகிறாய் என்று நம்புகிறேன். நம்புவதற்கு ஆதாரமாக ஒரு துண்டுக் காகிதம்கூட நீ அனுப்பாதபடியால், இதை முழுக்க முழுக்க விசுவாசம் என்றே சொல்ல வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் சுகம். நீ வைத்துவிட்டுப்போன செடிக்கு மட்டும் சுகமில்லை. அதைக் கொன்றவன் நான்தான். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சுருக்கம் நம் குடும்பத்தில் யாருக்கும் கைவந்ததில்லை, உன் கடிதங்களுக்குத் தவிர.

உனக்கு நினைவிருக்கும், நீ சிறுபயலாய் இருந்தபோது மிஷன் பங்களாத் துரைசாணி அம்மாள் சீமைக்குத் திரும்பும் அன்று குப்பையில் கழித்துப்போட்ட கொடியிலிருந்து ஒரு சாண் துண்டைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊன்றிக் கொண்டுவந்தாய். அந்த அம்மாள் அதற்கு ஏதோ ஒரு பெயர் சொன்னாராம், நம் ஊர் வாயில் அது நுழையாததால் துரைசாணிக் கொடி என்றே ஆகிவிட்டது. அடியில் விரிசல் விழுந்து ஊறுகாய்க்கு உதவாமல் கிடந்த சீனப்பரணியில் அதை நட்டு, பெரிய அறையின் சன்னலோரம் நீதான் வைத்தாய். நீ கப்பலேறும்போது அது உன் இடுப்பு உயரம். நான் வெட்டும்வரை, அதன் உயரத்தைச் சொல்ல வேண்டுமானால் நில அளவைக்காரரைத்தான் சங்கிலியோடு கூப்பிட வேண்டியிருந்தது. சன்னல் கம்பிகளை முறுக்கிக்கொண்டு மேலே போய், உத்திரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பிடித்து நிறுத்தி, உன் தாத்தா படத்தில் மீசைக்கு மேலே எல்லாவற்றையும் மூடி, ஓட்டை நெம்பித் தலையை வெளியே நீட்டி மழை பெய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இலையும் முறம் அகலம். கறுப்புப் பெட்டைக்கோழி ஒன்று உள்ளே போனது. செத்துப்போயிற்று என்று எல்லாரும் கைகழுவிய பிறகு, குஞ்சுகளோடு குடும்பமாக வெளியே வந்தது. உள்ளே இன்னும் என்னென்ன வம்சங்கள் தழைத்துக்கொண்டிருந்தனவோ, ஆண்டவருக்கே வெளிச்சம். வெளிச்சம் என்று எழுதிவிட்டேன், அந்த வீட்டில் அந்தச் சரக்குத்தான் இல்லாதிருந்தது. பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. நெம்பிய ஓட்டுவழியே ஆனி மழை நேராக உன் அம்மையின் கட்டிலில் இறங்கியது. அவள் கட்டிலை நகர்த்தினாளே ஒழியக் கொடியை நகர்த்தவில்லை. நான் போன மாதம் வந்து பார்த்தபோது, வீட்டுக்குள் செடி இருக்கவில்லை, செடிக்குள் வீடு இருந்தது.

அதை அவள் வளர்த்த சீரைக் கேள். அரிசி கழுவின தண்ணீர் அதற்கு, மீன் கழுவின தண்ணீர் அதற்கு, நீ தேயிலைத் தோட்டத்தில் இருப்பதால் தேயிலைச் சக்கையும் அதற்கு. சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள், அப்புறம் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் மினுக்குவாள். உனக்குச் சிறுவயதில் ஞாயிறு ஆராதனைக்கு முகம் துடைத்து எண்ணெய் வைத்து அனுப்புவாளே, அதே கை, அதே முணுமுணுப்பு. புது இலை விரிந்தால் உனக்குச் சுகம். இலை பழுத்தால் உனக்குக் காய்ச்சல், அன்றைக்கு அவளுக்கு உபவாசம். கிறிஸ்துமசுக்கு முன்னால் உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்ததல்லவா, தேயிலை விலை விழுந்துவிட்டது, தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள் என்று? அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த தகவலெல்லாம் இந்தக் கொடிவழியாகத்தான். இது அஞ்ஞானம் என்று உபதேசியார் யேசுரத்தினம் கோயிலில் வைத்தே கண்டித்தார். கண்டித்துவிட்டு, நம் வாசல்வழியே போகும்போதெல்லாம், "அம்மா, புது எலை ஏதும் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே போவார்.

நான் அவளிடம் நேராகத்தான் முதலில் பேசினேன். "ஏட்டி நேசபாய், பகல்ல வெளக்கு பொருத்தி வச்சிருக்கியே, கண்ணு தெரியல்லியா?" என்றேன்.

"கண்ணு தெரியுது அண்ணே. செடிதான் கொஞ்சம் மறைக்கு."

"கொஞ்சமா? இதுல சன்னல் எங்க இருந்துன்னு சொல்லு பாப்போம்."

"இருந்த எடத்துலதான் இருக்கும். அது எங்க போவும்."

"நாலு கொப்ப வெட்டிக் களஞ்சா என்ன? ஒனக்கு இருமல் வருது. மருந்து தாறவரு காத்து வேணும், வெளிச்சம் வேணும்னு சொல்லியாச்சு."

"வெட்டப்பிடாது. அவனுக்க கையால நட்டதாக்கும். அதுல கத்தி வச்சா அவனுக்க மேல வச்சது மாதிரி."

"அப்பம் நீ தேயிலைத் தண்ணி குடிக்கியே, அது அவனுக்க தோட்டத்தையே குடிச்சது மாதிரியா?" என்று கேட்டேன். முன்பெல்லாம் நான் இப்படி ஏதாவது சொன்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடுவாள். இப்போது இருமினாள், அவ்வளவுதான். மக்கா, என் வேடிக்கைக்கு அந்த வீட்டில் செலாவணி இல்லாமல் போன அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. அவளை இருட்டு தின்றுகொண்டிருக்கிறது, அந்த இருட்டுக்கு அவளே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள் என்று கண்டேன்.

கயிற்று வியாபாரி ஆனபடியால் முதலில் கயிற்றைத்தான் நம்பினேன். தேங்காய்ப்பட்டணத்துக் கயிறு, பாய்மரத்தைக் கட்டுகிற கயிறு, அதால் கொப்புகளை ஒதுக்கிச் சுவரோடு இழுத்துக் கட்டினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கயிற்றைக் காணோம். கொடி அதையும் விழுங்கிவிட்டுச் செழித்திருந்தது. இனி இரும்புதான் என்று முடிவுசெய்து, பனையேறி ஏசுஅடிமையிடம் போய், பனம்பாளை சீவுகிற அவனுடைய பாளை அரிவாளை ஒரு சாயங்காலத்துக்கு இரவல் கேட்டேன். தலைமயிரைக் காற்றில் போட்டால் அது நெடுக்குவாட்டில் இரண்டாகும் அரிவாள் அது. அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க பனை ஏறப் போறியளா, இல்ல யாரையாவது பரலோகத்துக்கு ஏத்தப் போறியளா?" என்றான். தேங்காய் அரியத்தான் என்றேன். "தேங்காய்க்குப் பாளை அரிவாளா? சரி, வெரலு அஞ்சும் திரும்பி வந்தாச் சரி," என்று கொடுத்தான்.

அரிவாள் கிடைத்தது, நேரம் கிடைக்க வேண்டுமே. உன் அம்மை அந்த அறையை விட்டு அசைகிறவளல்ல. கோயிலுக்குப் போனால் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். அவள் கண் மூடியிருக்கும் நேரம் எது என்று யோசித்தேன். தூக்கம் அவளுக்குக் கிடையாது. அப்போதுதான் பேரரசர்களின் மந்திரிகளுக்கு மட்டும் தோன்றக்கூடிய ஓர் உபாயம் எனக்குத் தோன்றியது: வீட்டு ஜெபக்கூட்டம். முழங்காற்படியிட்டு எல்லாரும் கண்ணை மூடினால், உபதேசியார் ஆமென் சொல்லும்வரை நம் சபையில் ஒருவரும் திறப்பதில்லை. உபதேசியார் யேசுரத்தினத்தின் ஜெபத்தின் நீளமோ நீ அறிந்தது. அவர் ஜெபம் தொடங்கும்போது அடைகாக்க வைத்த முட்டை, ஆமென் சொல்லும்போது கூவும். நான் போய், வீட்டில் ஒரு ஜெபம் வேண்டும், கொஞ்சம் நீட்டமாக என்றேன். "எம்புட்டு நீட்டம்?" என்று கேட்டார். "உங்க கைவசம் உள்ளதெல்லாம்," என்றேன். மனிதர் கண்கலங்கிவிட்டார். அவருடைய ஊழியத்தில் நீட்டச் சொல்லி விண்ணப்பம் வந்தது அதுவே முதல் தடவையாம்.

சனிக்கிழமை மாலை கூட்டம் கூடியது. பக்கத்து வீட்டு ஞானபாய் தலைமையில் பெண்கள் ஒருபக்கம், ஆண்கள் ஒருபக்கம். நான் தாழ்மையின் வடிவமாக எல்லாருக்கும் பின்னால், பரணியை ஒட்டி, தோளில் போட்ட நேரியலுக்குள் அரிவாளோடு முழங்காற்படியிட்டேன். உபதேசியார் ஆதாமிலிருந்து தொடங்கினார், நான் நுனித்தளிரிலிருந்து தொடங்கினேன். அவர் பேழைக்குள் மிருகங்களை ஜோடி ஜோடியாக ஏற்றினார், நான் கொப்புகளை ஜோடி ஜோடியாக இறக்கினேன். வழிமுறை என்னவென்றால், அவர் தனியே பேசும்போது மூச்சை அடக்குவது, சபையார் ஒன்றாக 'ஸ்தோத்திரம்' என்னும்போது ஓர் இழுப்பு. அன்றைக்கென்று ஞானபாய்க்கு ஆவி பலமாக இறங்கியிருந்தது. அவள் சொன்ன ஸ்தோத்திரம் ஒவ்வொன்றும் ஆற்றுக்கு அந்தக் கரையில் மேய்ந்த மாட்டை நிமிர்ந்து பார்க்க வைத்திருக்கும். தடித்த கொப்புகளையெல்லாம் அவள் சத்தத்துக்கென்று ஒதுக்கிவைத்தேன். சமுத்திரம் பிளந்தபோது கடிகாரம் விடுதலையானது. ராஜாக்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் ஜெபித்தபோது உன் தாத்தாவின் மூக்கும் பிறகு இரண்டு கண்களும் வெளிப்பட்டன, அவர் என்னை அங்கீகரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கப்பலில் போகிறவர்கள், சிறையில் கிடக்கிறவர்கள், நோயாளிகள் எல்லாரையும் தாண்டும்போது நான் பரணிக்கு மேலேயே ஏறி, கொடிக்குள் முழுசாக மறைந்துவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்த அந்த வேளையில், உபதேசியார் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்.

"மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலே, ஒரு செய்தியும் இல்லாமல் இருக்கிற இந்த வீட்டு மகனை," என்று குரலைத் தாழ்த்தினார். இலைச் சந்துவழியாக உன் அம்மையின் முதுகைக் கண்டேன். அது ஒருதரம் குலுங்கிற்று. சத்தமில்லை. அதைக் கண்டதும் என் கை என் சொல்லைக் கேட்கவில்லை. இந்த இருட்டை இப்போதே அறுத்து எறிந்துவிட வேண்டும் என்று ஓர் அவசரம். கைக்கு அகப்பட்ட தடித்த பழைய கொப்பு ஒன்றைப் பிடித்தேன், காய்ந்துபோனது என்றுதான் நினைத்தேன், மக்கா, ஏசுவாணை அப்படித்தான் நினைத்தேன். அரிவாளை வைத்தேன். உபதேசியார், ஜெபத்தில் இன்னும் ரங்கூன் வராமலே, யுத்தத்தில் இறந்தவர்கள் வராமலே, தம் வாழ்நாளில் ஒருதரமும் செய்யாதபடி, பாதி வாக்கியத்தில் "ஆமென்" என்று அலறினார். ஆனால் பாளை அரிவாள் ஆமெனுக்குக் கட்டுப்பட்டதல்ல. நான் அறுத்தது காய்ந்த கொப்பு இல்லை. அதுதான் மூடு, மொத்தக் கொடிக்கும் அடித்தண்டு, பரணிக்கு அரைமுழம் மேலே, கொடியின் கழுத்து.

பிறகு நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மொத்தக் கொடியும் உத்திரத்திலிருந்து இறங்கி, சபையார்மீது கூடாரம்போல் விழுந்தது. கூட நாலு ஓடும், ஒரு குளவிக்கூடும், நான் கட்டிய தேங்காய்ப்பட்டணத்துக் கயிறும் வந்தன. இலைகளைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு தலையாக வெளியே வந்தபோது, பரணியின்மேல் முழங்காலிட்டு, தலையில் தழையும் கையில் அரிவாளுமாக நான் இருந்தேன். ஞானபாய் என்னை நிதானமாகப் பார்த்து, "ஜெபத்துக்கு எல்லாரும் பாட்டுப் புஸ்தகம் கொண்டு வருவாவ, நீங்க அரிவாளா கொண்டு வந்திய?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு சன்னல்வழியே வெளிச்சம் வந்து, மழைக்கால வெளிச்சம்தான், சாம்பல் நிறம், நேராக உன் அம்மைமேல் விழுந்தது. மருமகனே, அப்போதுதான் நான் அவளைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் இத்தனை நாளும் என்னை ஏமாற்றியிருக்கிறது. கழுத்தெலும்பு இரண்டும் கட்டில் சட்டம்போல் துருத்தி நிற்கின்றன. சட்டை இரண்டு நேசபாய்க்குத் தைத்ததுபோலத் தொங்குகிறது. தலையில் கறுப்பு என்பதே இல்லை. என்னைவிட இளையவள் அவள், பார்த்தவர்கள் என் தாய் என்பார்கள். செடி மறைத்துவைத்திருந்தது சன்னலை மட்டும் அல்ல.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். எழுந்து, விழுந்துகிடந்த இலைகளை மிதிக்காமல் கடந்து, சன்னலோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அன்று உட்கார்ந்தவள்தான். கஞ்சியையும் அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறேன், பாதியைக் குடிக்கிறாள், தலையைத் திருப்புவதில்லை. நான் மூட்டில் சாணி அப்பினேன், சாம்பல் அப்பினேன், துணி சுற்றினேன், காலையும் மாலையும் பக்கத்தில் குந்தியிருந்து வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். கண்டவர்கள் எனக்குத்தான் வைத்தியம் வேண்டும் என்கிறார்கள். வெட்டிய கொடியைத் துண்டு துண்டாக்கித் தண்ணீரில் ஊன்றினேன். அண்டாவில், குண்டானில், தவலையில், பால்செம்பில், உரலில், உன் அப்பாவுடைய வெற்றிலைப் பெட்டியில், எங்கும் கொடி. வீட்டில் தண்ணீர் மொள்ள ஒரு பாத்திரம் இல்லை, நேற்று முழுக்கச் சிரட்டையில் தேயிலை குடித்தேன். சில துண்டுகள் அழுகி நாறுகின்றன. பரணியில் நிற்கும் மூடோ, மொட்டைக் கழுத்தோடு, செய்ய வந்ததைச் செய்து முடித்தாயா என்று கேட்பதுபோல் நிற்கிறது. ஒரு தளிர் இல்லை. அவளைப் பொறுத்தவரை நான் வெட்டியது செடி இல்லை, உன்னைத்தான் என்பது உனக்கு விளங்குகிறதா?

ஆகையால் இனி வேடிக்கை இல்லை. எழுது. வேலை இருக்கிறது என்றால் இருக்கிறது என்று எழுது. வேலை போய், சொல்ல வெட்கப்பட்டு எங்கேயாவது மூட்டை சுமக்கிறாய் என்றால் அதையும் எழுது, நான் சுமக்காத மூட்டையா? வெறுங்கையோடு வந்து இறங்கு, கயிறு திரிக்க எனக்கு ஆள் வேண்டும். ஒருவேளை நீ செத்தே போயிருந்தால், பக்கத்தில் இருக்கிற யாரையாவது அதை எழுதச் சொல். இந்தக் கடைசி வரியை அழிக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன், அழிக்கப்போவதில்லை. உன் அம்மை அழிந்துகொண்டிருக்கிறாள், என்மேல் உள்ள கோபத்திலும் உன்மேல் உள்ள ஏக்கத்திலும். என்மேல் உள்ளதை நான் பட்டுத் தீர்க்கிறேன், மற்றது உன் கணக்கு.

மலைக்குளிரும் அட்டைக்கடியும் உன்னை அணுகாதிருக்கவும், உன் பேனாவில் மை உறையாதிருக்கவும், ஆண்டவர் உன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் விசேஷமாக ஆசீர்வதிக்கவும் வேண்டுகிற,

செடியைக் கொன்றவனும் உன் தாய்மாமனுமாகிய
ராஜையன்

பின்குறிப்பு: மை உலரட்டும் என்று மேலே உள்ளதைக் கடிகாரத்தடியில் வைத்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உன் அம்மை சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கடைசிவரை வாசித்துக்கொண்டிருக்கிறாள். "அண்ணே, இதுல ஒரு வரிகூட சரியில்ல," என்றாள். ஜெபத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. எந்த வரி என்று கேட்டேன்.

"ஏசுஅடிமை அன்னைக்குக் காலையில பனையில இருந்து அக்கானி எறக்கிக் கொண்டு வந்தப்பவே அரிவாள் காரியத்தச் சொல்லிட்டான். நான்தான் உபதேசியாருக்க வீட்டுக்குப் போயி, அண்ணன் வெட்டித் தீருமட்டும் நிறுத்தாதேயும்னு சொன்னேன். ஞானபாய ஒறக்கச் சத்தம்போட்டு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னதும் நான்தான்."

"அப்பம் கண்ணு?"

"ஒருத்தரும் மூடல்ல. நீங்க பரணிக்க மேல ஏறுனத எல்லாரும் பாத்தாச்சு. மூட்டுல அரிவாள வச்சதக் கண்டுட்டுத்தான் உபதேசியாரு பதறி ஆமென் சொன்னாரு."

வெட்ட வேண்டுமானால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, இவ்வளவு கூத்து எதற்கு என்றேன். "எனக்க வாயால வெட்டுன்னு எப்பிடிச் சொல்லுவேன்," என்றாள். கடிதத்தை மடித்து என் கையில் தந்தாள். "செடி மறைச்சு ரோடு தெரியல்ல அண்ணே. தபால்காரரு வருகது தெரியல்ல." சொல்லிவிட்டு மறுபடியும் சன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள்.

ஆகையால் மேலே உள்ள என் சாமர்த்தியத்தையும் என் பாவத்தையும் அவள் கோபத்தையும் அடித்துவிட்டு வாசி. அவளுக்கு என்மேல் கோபமும் இல்லை, அந்தச் செடியை இப்போது அவள் பார்ப்பதுமில்லை. தினமும் காலையிலிருந்து சாலை வளைவைத்தான் பார்க்கிறாள். தபால்காரர் யோவான் நல்ல மனிதர். முதலில் சில நாள் தூரத்திலேயே தலையை ஆட்டி இல்லை என்று தெரிவித்துவிட்டுப் போனார். இப்போது நம் வளைவு வந்ததும், மழை விட்டிருந்தாலும், குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போகிறார்.